மறுவாக்கெடுப்பு கேட்பது நியாயமா? பிரெக்சிட் முடிவு குறித்த விவாதம்

ஈஸ்ட்ஹாம்வாசி | 2016 ஜூலை 4

ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்று 51.9 விழுக்காட்டினரும் நீடிக்க வேண்டும் என்று 48.1 விழுக்காட்டினரும் வாக்களித்தார்கள். வேறுபாடு ஏறத்தாழ 12.7 லட்சம் வாக்குகள். மறுவாக்கெடுப்பு கோரி நாடாளுமன்ற இணையதளத்தில் உள்ள மனுவில் இதுவரை 40 லட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். நானும் இட்டேன். இது தோற்றவர்களின் புலம்பல் என்று இந்தக் குழுமத்திலேயே சிலர் ஒதுக்குவதால், என் காரணத்தை முன்வைக்கிறேன்.

1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனிப் பேரவை வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். ஆயினும் பதிவுபெற்ற வாக்காளர்களில் 40 விழுக்காட்டினராவது ஆதரிக்க வேண்டும் என்று சட்டம் விதித்திருந்ததால், அந்தப் பேரவை அப்போது அமையவில்லை. இந்த முறை விலகலை ஆதரித்தவர்கள் மொத்த வாக்காளர்களில் 37.4 விழுக்காட்டினர் மட்டுமே. ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் ஒரு பேரவை அமைக்கப் போதாதென்று கருதப்பட்ட ஆதரவு, நாற்பதாண்டு காலச் சட்டங்களையும் வணிக உறவுகளையும் அறுத்தெறியப் போதும் என்பதை நான் எப்படி ஏற்பது?

வடகடலோரம் | 2016 ஜூலை 4

நான் விலகலுக்கு வாக்களித்தவன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மருத்துவன். வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்துப் பகுதியில் பணிபுரிகிறேன்.

1979ஐ மேற்கோள் காட்டும் நண்பர் 1997ஐ விட்டுவிட்டார். வேல்ஸ் பேரவை 50.3 விழுக்காட்டு ஆதரவுடன், ஏழாயிரத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் அமைந்தது. அதைச் செல்லாது என்று எந்த அரசும் சொல்லவில்லை. இந்த வாக்கெடுப்புக்கான சட்ட முன்வரைவைக் கடந்த ஆண்டு மக்களவை இரண்டாம் வாசிப்பில் 544க்கு 53 என்ற கணக்கில் ஏற்றது. நிறைவேறிய சட்டத்தில் குறைந்தபட்ச ஆதரவு வரம்பு எதுவும் இல்லை. நீங்கள் கையொப்பமிட்ட மனுவையே, தம் தரப்பு தோற்றுவிடும் என்று அஞ்சிய விலகல் ஆதரவாளர் ஒருவர்தான் மே மாதத்தில் தொடங்கினார். அவர் வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் அந்தக் கோரிக்கை தவறுதான். ஆட்டம் முடிந்த பிறகு எல்லைக்கோட்டை நகர்த்தி வரையக் கூடாது.

என்னை வருத்துவது மனுவைவிட, எங்கள் ஊரைப் பற்றி எழுதப்படுபவை. சண்டர்லாந்தில் 61 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்தார்கள். அந்த முடிவு நள்ளிரவுக்குப் பின் வெளியான உடனேயே பவுண்டு சரியத் தொடங்கியது. அன்று முதல், "நிசான் கார் தொழிற்சாலையால் வாழும் ஊர் தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்டது" என்று லண்டனில் இருப்பவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். இங்கே கப்பல் கட்டும் தளங்கள் 1988இல் மூடப்பட்டன. வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கத்தில் உழைத்து நுரையீரல் கெட்டவர்கள் இன்றும் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். தங்கள் வாக்கு ஒரு முடிவை மாற்றும் என்ற நம்பிக்கையே அவர்களுக்குப் பல காலமாக இருந்ததில்லை. இந்த முறை மாற்றியது. அதையும் திரும்பப் பெற வேண்டும் என்று 40 லட்சம் பேர் கேட்கிறார்கள்.

லாச்சப்பல்_பெண் | 2016 ஜூலை 4

அண்ணா, உங்கள் நோயாளிகளைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மையான வலி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருடைய வாக்கு கேட்கப்பட்டது என்ற இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிசில் அகதியாக வளர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக, எத்தனையோ ஈழத் தமிழ்க் குடும்பங்களைப் போல நாங்களும் பிரான்சிலிருந்து லண்டனின் ஹரோவுக்கு வந்தோம். இங்கே வேலை செய்கிறோம், வரி கட்டுகிறோம். எங்களுக்கு இந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை.

பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் என்பதால் இங்கு வசிக்கும் இந்தியரும் இலங்கையரும் வாக்களித்தார்கள். ஐரோப்பிய நாட்டவரில் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் நாட்டவருக்கு மட்டுமே அந்த உரிமை கிடைத்தது. மாணவர் விசாவில் அண்மையில் வந்த இந்தியர் ஒருவர் என் வாழ்விடத்தைத் தீர்மானித்தார், நான் தீர்மானிக்கவில்லை. அவருடைய உரிமையைப் பறிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கு வாழும் ஏறக்குறைய 30 இலட்சம் ஐரோப்பியர்களைக் கேட்காமல் எடுத்த முடிவை "மக்களின் தீர்ப்பு" என்று சொல்லும்போது, அந்த மக்களில் நாங்கள் இல்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

முடிவு வந்த மூன்றாம் நாள் லண்டன் ஹமர்ஸ்மித்தில் உள்ள போலந்துப் பண்பாட்டு நிலையத்தின் முகப்பில் வசை எழுதியிருந்தார்கள். நேற்று உள்துறை அமைச்சர் தெரேசா மே, எங்கள் வதிவிட உரிமையும் பேச்சுவார்த்தையில் ஒரு பகுதியாக இருக்கும் என்றார். ஒருமுறை நாடிழந்தவர்களுக்கு இந்த வார்த்தைகள் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடின்பரோ மாணவன் | 2016 ஜூலை 4

ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளிலும் நீடிக்கும் தரப்பே வென்றது. மொத்தத்தில் 62 விழுக்காடு. விடுதலை கேட்டு 2014இல் இங்கே வாக்கெடுப்பு நடந்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள் என்று சொல்லித்தான் எங்களிடம் வாக்குக் கேட்டார்கள். அப்போது 16 வயதினருக்கும் வாக்குரிமை இருந்தது. இந்த முறை மேலவையான பிரபுக்கள் அவை அதற்கு முயன்றும் மக்களவை மறுத்துவிட்டது. ஐக்கிய இராச்சியத்தின் நான்கு நாடுகளும் உடன்பட்டால் மட்டுமே விலக வேண்டும் என்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் யோசனையும் ஏற்கப்படவில்லை. ஆகவே, வரம்பைப் பற்றி முன்பே யாரும் பேசவில்லை என்ற எண்ணம் வேண்டாம்.

வடகடலோரம் | 2016 ஜூலை 5

சகோதரிக்கு முதலில் விடை. போலந்து நிலையத்தில் நடந்தது குற்றம். செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே இங்கு வாழும் ஐரோப்பியர்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை தானாகவே கிடைக்கும் என்று விலகல் பரப்புரையை முன்நின்று நடத்திய போரிஸ் ஜான்சனும் மைக்கேல் கோவும் ஜூன் முதல் நாளிலேயே கூட்டறிக்கையில் உறுதியளித்தார்கள். அதை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் வாக்களித்தோம். அமைச்சர் மே நீடிக்கும் தரப்பில் இருந்தவர் என்பதையும் கவனியுங்கள்.

எடின்பரோத் தம்பிக்கு: முன்மொழிந்து தோற்ற யோசனை சட்டமாகாது. வாக்குச்சீட்டில் கேட்கப்பட்டது ஐக்கிய இராச்சியத்தைப் பற்றி.

நான் ஏன் விலகலை ஆதரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நிரந்தர வதிவிட உரிமை பெற்ற இந்தியர் ஒருவர், பிரிட்டன் குடியுரிமையே பெற்றிருந்தாலும், ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். ஐரோப்பிய நாட்டவருக்கு அந்த வரம்பு இல்லை. நம் மாணவர்கள் படிப்பை முடித்தபின் வேலை தேடத் தங்கியிருந்த விசாவை 2012இல் நிறுத்தினார்கள். குடிவரவைக் குறைப்பதாக வாக்களித்த அரசு, ஐரோப்பாவிலிருந்து வருவோரைத் தடுக்க முடியாததால் நம்மைத் தடுத்தது. பிறந்த கண்டத்தைப் பார்த்து ஆளைத் தரம் பிரிக்கும் முறை ஒழிய வேண்டும் என்று விரும்பினேன்.

ஈஸ்ட்ஹாம்வாசி | 2016 ஜூலை 5

மருத்துவரின் பதிவிலேயே என் மனுவுக்கான வலுவான காரணம் இருக்கிறது. ஜான்சனும் கோவும் உறுதியளித்தார்கள் என்கிறீர்கள். அந்த உறுதியை நிறைவேற்ற வேண்டிய கடமை இன்று யாருக்கு இருக்கிறது? ஜான்சன் ஆளுங்கட்சியின் தலைமைப் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை மருத்துவச் சேவைக்குத் தருவோம் என்று பேருந்தில் எழுதிக்கொண்டு நாடு முழுவதும் சுற்றினார்கள். அந்தக் கணக்கு தவறான எண்ணத்தைத் தரும் என்று புள்ளிவிவர ஆணையம் முன்பே எச்சரித்தது. முடிவு வந்த காலையில் தொலைக்காட்சியில் கேட்டபோது, அந்தப் பணம் மருத்துவச் சேவைக்குப் போகும் என்று தம்மால் உறுதிகூற முடியாது என்றார் விலகல் ஆதரவுத் தலைவர் நைஜல் ஃபராஜ். தேர்தலில் ஒரு கட்சி பொய்த்தால் அடுத்த தேர்தலில் அதை வீழ்த்தலாம். இங்கே வாக்குறுதி தந்தது ஆட்சியில் அமரப்போகும் கட்சி அன்று, முடிவு வந்ததும் கலைந்துபோகும் ஒரு பரப்புரைக் குழு.

வடகடலோரம் | 2016 ஜூலை 5

அதே அளவுகோலை உங்கள் தரப்புக்கும் வைத்துப் பாருங்கள். விலகினால் 3,000 கோடி பவுண்டுக்கு வரி உயர்வும் செலவுக் குறைப்பும் கொண்ட அவசர வரவுசெலவுத் திட்டம் வரும் என்று நிதியமைச்சர் ஆஸ்பர்ன் வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் மிரட்டினார். முடிவு வந்ததும் அதை ஒத்திவைத்தார். அவர் ஆட்சியில் இருந்தவர்தான்.

ஈஸ்ட்ஹாம்வாசி | 2016 ஜூலை 5

அவர் மிரட்டியது தவறு. அதனால் பேருந்தில் எழுதியது உண்மையாகிவிடாது. உங்கள் முதன்மையான காரணத்துக்கே வருகிறேன். அந்த 18,600 பவுண்டு வரம்பை விதித்தது பிரசல்சில் உள்ள ஐரோப்பிய ஒன்றியம் அன்று, வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள பிரிட்டன் அரசு. விதித்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் தெரேசா மே. இன்று பிரதமராகும் போட்டியில் முன்னிலையில் இருப்பவரும் அவரே. ஐரோப்பியர்களுக்குக் கதவை அடைத்துவிட்டு நமக்கு அதைத் திறப்பார்கள் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இருவருக்கும் சமமாக அடைத்தாலும் உங்கள் நிபந்தனை நிறைவேறிவிடும். ஆனால் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியாதவர் அப்போதும் அழைத்துவர முடியாது.

லாச்சப்பல்_பெண் | 2016 ஜூலை 5

மனுவில் கையொப்பமிடும் உரிமை இங்கு வசிக்கும் எனக்கு உண்டு, நான் இட்டுவிட்டேன். மருத்துவர் அண்ணா இட மாட்டார் என்று தெரியும், அதைக் கேட்கவும் இல்லை. ஜூன் முதல் நாள் உறுதியை நம்பி வாக்களித்ததாகச் சொன்னீர்கள். விலகலுக்கு வாக்களித்த ஒருவர் அதையே தன் தொகுதி உறுப்பினருக்கு எழுதினால், எங்களைப் போன்ற ஆயிரம் பேர் எழுதுவதைவிட அதற்கு எடை அதிகம்.

வடகடலோரம் | 2016 ஜூலை 5

எழுதுகிறேன், சகோதரி. வதிவிட உரிமையைப் பேரப்பொருளாக்கக் கூடாது என்பதைப் பொறுத்தவரை நமக்குள் வேறுபாடு இல்லை. வாக்கெடுப்பு முடிவைப் பற்றி என் நிலைப்பாடு மாறவில்லை.