பெனிபிட் விசாரணைக் கடிதம் வந்த பிறகு: கூடப் போனவர்களின் அனுபவங்கள்

மொழித்துணை

இங்கிலாந்தில் பெனிபிட், அதாவது அரச உதவிக் காசு, பிழையாக வாங்கினார்கள் என்ற சந்தேகத்தில் விசாரணைக்குக் கூப்பிடப்பட்ட எங்கட ஆட்களோடு துணைக்குப் போய் வருகிறவன் நான். இந்த விஷயத்தைப் பற்றி வீட்டுக்குள்ளேயே யாரும் வாய் திறப்பதில்லை. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கடிதத்தை அலுமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, கடைசி நாளன்று தனியாகக் கிளம்பிப் போகிறார்கள். அதனால்தான் கண்டதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள்.

முதலில் அந்தக் கடிதம். 'இன்டர்வியூ அண்டர் கோஷன்' என்று அதில் போட்டிருந்தால் அது வேலைத்தேடல் அலுவலகத்தில் வழக்கமாக நடக்கும் சந்திப்பு இல்லை. உங்கள் மேல் குற்றச் சந்தேகம் இருக்கிறது, நீங்கள் சொல்வது பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக வரலாம் என்று அர்த்தம். பொலிஸ் விசாரணைக்கு உள்ள அதே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள்தான் இதற்கும். லோயரைக் கூட்டிக்கொண்டு போகலாம். மொழிபெயர்ப்பாளரை அவர்களே காசில்லாமல் ஏற்பாடு செய்வார்கள், முன்கூட்டியே கேட்க வேண்டும். வருமானம் குறைவென்றால் லோயருக்கு அரச சட்ட உதவி கிடைக்க இடமுண்டு, ஆனால் கிரிமினல் வேலை செய்கிற சொலிசிட்டரிடம் கேட்க வேண்டும். வீடு வாங்கித் தந்த லோயரிடமோ விசா எழுதித் தந்தவரிடமோ போய் நிற்பதில் பயனில்லை.

"ஒருக்காப் போய் விளங்கப்படுத்தினா முடிஞ்சிடும்தானே தம்பி" என்றார் ஒரு அக்கா. நான் எவ்வளவு சொல்லியும் லோயர் வேண்டாம் என்றுவிட்டார். வங்கிக் கணக்குத் தாள்களை ஒரு கடைப் பையில் போட்டு மடியில் இறுக்கி வைத்திருந்தார். சின்ன அறை, மேசையில் ரெக்கோடர், எதிரே இரண்டு அதிகாரிகள். எச்சரிக்கையை வாசித்தார்கள்: எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பிறகு நீதிமன்றத்தில் நம்பியிருக்கப்போகும் விஷயத்தை இப்போது சொல்லாமல் விட்டால் அது பாதகமாகலாம், சொல்வதெல்லாம் சாட்சியமாக வரலாம். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கேள்விகள் தொடங்கின. அவற்றுக்கும் தலையாட்டினார். பெரியவர்கள் கதைக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டுகிற எங்கட பழக்கம் அது. ஒலிப்பதிவுக்குத் தலையாட்டுவது கேட்காதே, அதனால் அதிகாரி ஒவ்வொரு தடவையும் "அவர் ஆம் என்று தலையாட்டுகிறார்" என்று வாயால் சொல்லிப் பதிய வைத்தார். "இந்தக் கணக்கைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்ற கேள்விக்கும் ஒரு தலையாட்டு.

அந்த ஒரு கேள்வியில்தான் முழு வழக்கும் நிற்கிறது. 1992ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம். 112ஆம் பிரிவு, பொய் என்று தெரிந்தே தகவல் கொடுப்பது. மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் நடக்கும், 3 மாதம் வரை சிறை. 111ஏ, நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தது. பெரிய வழக்குகள் நடக்கும் கிரவுண் கோர்ட்டுக்குப் போனால் 7 வருடம் வரை. பெரிய தொகை என்றால் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தையே எடுக்கலாம், அதில் உச்சம் 10 வருடம். நிறையப் பேருக்கு இந்த உச்சம் வருவதில்லை. ஆனால் தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் விட்டீர்களா என்பதை வைத்துத்தான் குற்றமா வெறும் கடனா என்று தீர்மானிக்கிறார்கள். அதற்கான பதிலைத்தான் அக்கா தலையாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

லோயர் இருந்திருந்தால், என்ன ஆதாரம் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று விசாரணைக்கு முன்பே கேட்டிருப்பார். எழுதிய அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் வழியிருந்தது.

பனங்கூடல்

நீங்கள் எழுதியது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது, முடிவு மட்டும் வேறு.

என்னுடைய சித்தி சீட்டுப் பிடிக்கிறவ. அவவின் கணக்குக்குள் மாதாமாதம் பல பேருடைய காசு வந்து போகும். வருமானம் குறைந்தவர்களுக்கான பெனிபிட்டான யூனிவர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 6,000 பவுண்ஸைத் தாண்டினால் காசைக் குறைப்பார்கள், 16,000ஐத் தாண்டினால் தகுதியே இல்லை. சில மாதங்களில் சித்தியின் கணக்கு அந்த 16,000க்கு மேலே நின்றது. வங்கித் தாளைப் பார்க்கிறவருக்கு அது சித்தியின் காசுதான்.

லோயர் முதலில் கேட்டது சீட்டுக் கொப்பியை. சிவப்பு மட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. பெயர், மாதம், கட்டிய தொகை, எடுத்தவரின் கையெழுத்து. ஒவ்வொரு வரியையும் வங்கித் தாளில் உள்ள தேதியோடு ஒப்பிட்டு அந்தப் பெண்பிள்ளை லோயர் அட்டவணை போட்டார். மற்றவர்களுக்காக வைத்திருக்கும் காசு உங்கள் சேமிப்பில் சேராது, ஆனால் அது மற்றவர்களுடையது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். சீட்டுக் கட்டிய ஆட்களில் சிலர் கடிதம் எழுதித் தர மறுத்துவிட்டார்கள், தங்கட பெனிபிட்டுக்கும் வில்லங்கம் வருமோ என்ற பயம். அதைத்தான் சித்தியால் தாங்க முடியவில்லை. எத்தனை வருஷம் அவவை நம்பிக் காசு கொடுத்த ஆட்கள்.

வழக்குப் போடவில்லை. ஆனால் "இவ்வளவு கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள்" என்ற தீர்மானம் தனியாக வந்தது. பலர் இதில்தான் குழம்புகிறார்கள். குற்ற விசாரணை ஒரு பாதை, காசைத் திருப்பிக் கேட்கும் தீர்மானம் இன்னொரு பாதை. தீர்மானம் பிழை என்றால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நாங்கள் போனோம். தொகை நன்றாகக் குறைந்தது. விசாரணை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் இந்தத் தேதியைத் தவறவிட வேண்டாம்.

ஊரில் அம்மா அப்பா எழுதித் தந்த காணி இருக்கிறவர்களும் கவனம். வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும்.

ஆத்தங்கரை

நான் தங்கச்சிக்காக எழுதுகிறேன். அவள் தனியாக இருக்கிறாள் என்று பதிந்திருந்தாள், அது அப்போது உண்மை. பிறகு கணவர் திரும்பி வந்தார். அதைச் சொல்லவில்லை. சொன்னால் காசு நிற்கும், அவர் மறுபடி போய்விட்டால் பிள்ளைகளோடு என்ன செய்வது என்ற பயம். இந்தப் பயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். சட்டம் அதைக் குற்றத்துக்கான காரணமாக ஏற்கவில்லை, தண்டனை சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பார்த்தது.

நீதிமன்றத்தின் முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டாள், அதனால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழித்தார்கள். நீதிபதி ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் சம்பளமில்லாத சமூக வேலையும் கொடுத்தார். வெளியே வந்ததும் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோம், எல்லாம் முடிந்தது என்று. கடன் அப்படியே இருந்தது. தண்டனை அனுபவித்தாலும் வாங்கிய காசைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதோடு, முதல் தடவை குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டால் சில பெனிபிட்டுகளை 13 வாரத்துக்குக் குறைக்கவோ நிறுத்தவோ முடியும்.

விசாவில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விழுந்தால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கும். அதைவிடச் சின்னத் தண்டனையும் குடியுரிமை கேட்கும்போது நன்னடத்தைக் கேள்வியில் வந்து நிற்கும். தங்கச்சியின் லோயர் இதை முதல் நாளே எங்களிடம் கேட்டார். உங்கள் லோயர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளி முளைக்கும் நேரம்

மோசடியே இல்லாமல் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவைப் பார்க்கிறதுக்காக நான் கேரர்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்பாளர் காசு எடுத்தேன், பகுதி நேர வேலையும் செய்தேன். வார வருமான எல்லை அப்போது 151 பவுண்ஸ். அதை ஒரு பென்னி தாண்டினாலும் அந்த வாரத்து முழுத் தொகையும் போய்விடும். 2025 ஏப்ரலில் எல்லையை 196க்கு ஏற்றினார்கள். எனக்கு வந்தது கடன் கடிதம் மட்டும்தான், விசாரணை இல்லை. ஆனால் கடிதத்தைக் கண்டதும் என் வீட்டுக்காரர் "ஜெயிலா?" என்றுதான் கேட்டார். பயத்தில் உடனே எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளாமல் சம்பளத் தாள்களை எடுத்து வாரம் வாரமாகக் கணக்குப் பாருங்கள்.

மொழித்துணை

தனிச்செய்தியில் இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: வழக்குக்குப் பதிலாக அபராதம் கட்டச் சொல்லித் தாள் தந்தால் கையெழுத்துப் போடலாமா?

அது நிர்வாக அபராதம். கூடுதலாக வாங்கிய தொகையில் பாதி, குறைந்தது 350, கூடியது 5,000 பவுண்ஸ். வாங்கிய கடனைக் கட்டுவதோடு சேர்த்து இதையும் கட்ட வேண்டும். குற்றப்பதிவு வராது, அதற்காக நல்ல வழியாக இருக்கலாம். ஆனால் ஆதாரம் பலவீனமாக இருக்கும் வழக்கிலும் இதைக் காட்டினால் எங்கட ஆட்கள் பயத்தில் பேனையை எடுத்துவிடுகிறார்கள். அதே இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, லோயரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம். போட்டிருந்தாலும் 14 நாட்களுக்குள் மனம் மாறலாம், அப்படி மாறினால் அவர்கள் வழக்குப் போடலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

செத்தவீட்டுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூனிவர்சல் கிரெடிட் பொதுவாக ஒரு மாதம் வரைதான் வெளிநாட்டில் இருக்க விடும், நெருங்கிய உறவின் மரணம் என்றால் இன்னொரு மாதம் நீட்டிக்க இடமுண்டு. டிக்கெட் எடுத்த அன்றே இணையத்தில் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் அவர்களுக்குச் செய்தி எழுதும் பக்கமான ஜேர்னலில் போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னேன் என்றால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.