ஸ்பிரிங் பூட்: தொடக்க லிசனர் இரண்டு முறை ஓடுகிறது, அதுவும் சர்வரில் மட்டும்

இரவுப்பிழை (கேள்வி):
ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா ஃபிரேம்வொர்க்) எழுதிய ஆப் எழுந்ததும் இரண்டு வேலை நடக்க வேண்டும். விலைப்பட்டியலை டேட்டாபேஸிலிருந்து மெமரிக்கு ஏற்றணும், அப்புறம் "நான் தயார்" என்று மற்ற சர்வீஸுக்கு ஒரு செய்தி அனுப்பணும். முதலில் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடில், அதாவது பீன் (ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) உருவாகும்போதே ஓடும் மெத்தடில், வைத்தேன். அதன் மேல் போட்ட டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷன் (மெத்தடை ஒரே டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள் ஓட்டச் சொல்லும் குறிப்பு) எடுபடவே இல்லை. சரி என்று ஈவென்ட்லிசனருக்கு மாறி, கன்டெக்ஸ்ட் (பீன்களை வைத்திருக்கும் கொள்கலன்) தயாரானதும், அதாவது ரிஃப்ரெஷ் ஆனதும், வரும் கன்டெக்ஸ்ட்ரிஃப்ரெஷ்ட்ஈவென்டைப் பிடித்தேன். லேப்டாப்பில் "விலைகள் ஏற்றப்பட்டன" ஒரே வரி. சர்வரில் அதே வரி இரண்டு தடவை. தயார் செய்தியும் இரண்டு போகிறது. கோட் ஒன்றுதான், ஜார் ஒன்றுதான். நேற்று முழுக்க பீன் இரண்டு தடவை உருவாகிறதா என்று கன்ஸ்ட்ரக்டரில் லாக் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு பீன்தான்.

அரைப்புள்ளி:
ஒரு பூலியன் ஃப்ளாக் வையுங்கள், இரண்டாவது தடவை திரும்பிவிடட்டும். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

பழைய ஸ்டாக்:
ஃப்ளாக் வைக்கும் முன் ஒன்று பாருங்கள். சர்வரின் கான்ஃபிகில் ஆக்சுவேட்டருக்கு (ஆப்பின் நிலையைக் கண்காணிக்க உதவும் பகுதி) தனி போர்ட் இருக்கிறதா? மேனேஜ்மென்ட்.சர்வர்.போர்ட் என்ற வரி.

இரவுப்பிழை:
இருக்கிறது. 8081. லேப்டாப் ப்ரொஃபைலில் (லேப்டாப்புக்கான தனி கான்ஃபிக்) இல்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய ஸ்டாக்:
தனி போர்ட் கொடுத்தால் ஆக்சுவேட்டருக்கென்று ஒரு குட்டி கன்டெக்ஸ்ட் உருவாகும். அதுவும் ரிஃப்ரெஷ் ஆகும். குட்டியில் நடக்கும் ஈவென்ட் தாய் கன்டெக்ஸ்டுக்கும் போய்ச் சேரும், அதனால் உங்கள் லிசனருக்கும் கேட்கிறது. லிசனரில் ஈவென்டின் கன்டெக்ஸ்ட் ஐடியை லாக் செய்து பாருங்கள். ஒன்றின் கடைசியில் "மேனேஜ்மென்ட்" என்று ஒட்டியிருக்கும்.

ஃப்ளாக் விஷயம்: முதலில் வருவது குட்டியின் ஈவென்ட், தாயுடையது பிறகுதான். ஃப்ளாக் போட்டால் யாருடைய ஈவென்டுக்கு வேலை செய்கிறோம் என்று தெரியாமலேயே தப்பான ஒன்றுக்கு வேலை செய்வீர்கள்.

என் யோசனை, இரண்டு வேலையையும் பிரியுங்கள். தயார் செய்தியை அப்ளிகேஷன்ரெடிஈவென்டுக்கு மாற்றுங்கள். அது ஸ்பிரிங்அப்ளிகேஷன் அனுப்புவது, ரன்னர்கள் (தொடக்கத்தில் ஒரு முறை ஓடும் வேலைகள்) எல்லாம் முடிந்த பின் வரும், குட்டி கன்டெக்ஸ்டுக்குத் தனியாக வராது. ஆனால் விலைப்பட்டியலை அங்கே வைக்காதீர்கள். அந்த நேரத்தில் போர்ட் ஏற்கெனவே திறந்திருக்கும். முதல் ரிக்வெஸ்ட் காலிப் பட்டியலைப் பார்க்கலாம். அதற்கு ஸ்மார்ட்இனிஷியலைசிங்சிங்கிள்டன் என்ற இன்டர்ஃபேஸ். சோம்பேறி பீன்கள் (கேட்கும்போது மட்டும் உருவாகுபவை) நீங்கலாக எல்லா சிங்கிள்டனும் (ஒரே ஒரு பிரதியாக இருக்கும் பீன்) உருவான பிறகு, போர்ட் திறக்கும் முன் ஓடும். ப்ராக்ஸிகளும் (டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி முடிக்க பீனைச் சுற்றி வைக்கும் உறைகள்) தயாராக இருக்கும், ஆகவே டிரான்சாக்‌ஷனும் எடுபடும்.

அரைப்புள்ளி:
அட. அப்போ எங்கள் ஃப்ளாக் இவ்வளவு நாளாக... போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இரவுப்பிழை:
ஐடியை லாக் செய்தேன். முதல் வரி "அப்ளிகேஷன்:மேனேஜ்மென்ட்", இரண்டாவது வெறும் "அப்ளிகேஷன்". நீங்கள் சொன்ன அதே வரிசை. ஏற்றும் வேலையை சிங்கிள்டன் பக்கம் மாற்றிவிட்டேன், செய்தி இப்போது ஒன்றுதான் போகிறது. லேப்டாப் ப்ரொஃபைலிலும் 8081 போட்டாயிற்று. இப்படி ஒரு கூத்து மறுபடி வந்தால் என் மேஜையிலேயே வரட்டும்.