'சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப் செர்ச்' – 'தேடல் நிறைவு' வேண்டாமே

> 'தேடல் நிறைவு' என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

அனைவருக்கும் வணக்கம். எக்ஸ்ரே, சி.டி. போன்ற படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியலில், ஒரு குறையைக் கண்டபின் அதே படத்திலுள்ள இன்னொன்று விடுபடும் பிழையை ஆங்கிலத்தில் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப் செர்ச்' என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல்லாக முன்வைக்கப்பட்ட 'தேடல் நிறைவு' பற்றி என் கருத்து இது.

சுருக்கம் சரிதான். ஆனால் 'தேடல் நிறைவு' என்று படிப்பவர், முழுதாகத் தேடி முடித்துவிட்டார்கள் என்றல்லவா எடுத்துக்கொள்வார்? நாம் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரான பிழையை.

விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்கிறார்கள். முறிவு தெரிகிறது, அறிக்கையிலும் ஏறிவிடுகிறது. அதே படத்தில் நுரையீரல் உச்சியில் இருக்கும் சிறு கட்டி விடுபட்டுப்போகிறது. ஒன்று கிடைத்த திருப்தியில் மருத்துவர் தேடுவதை நிறுத்திவிடுகிறார் என்பதுதான் பழைய விளக்கம். 1962இல் டடன்ஹாம் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தக் கருத்து பரவியது. பிற்பாடு கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, பலர் முதல் குறையைக் கண்ட பிறகும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று தெரிந்தது. கண் அந்த இடத்தில் நின்றும் கட்டி பிடிபடவில்லை. அதனால்தான் ஆங்கிலத்திலேயே பல ஆய்வாளர்கள் 'சப்சீக்வென்ட் செர்ச் மிஸ்' (அடுத்த தேடலில் விடுபடுதல்) என்று, காரணம் எதையும் சொல்லாத பெயருக்கு மாறியிருக்கிறார்கள். அவர்கள் கைவிடும் விளக்கத்தை நாம் ஏன் புதுச்சொல்லுக்குள் பூட்டி வைக்க வேண்டும்?

என் பரிந்துரை: பின்விடுபாடு. முதலாவதைக் கண்டபின் அடுத்தது விடுபடுவது. 'கட்டி பின்விடுபட்டது' என்று வினையாகவும் வரும்.

இதே பிழைக்கு இன்னொருவர் சொன்ன 'கவனக்குறைவு' என்ற பெயர் கூடவே கூடாது. 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நுரையீரல் சி.டி. படத்துக்குள் கொரில்லா உருவம் ஒன்றைச் செருகி 24 கதிரியல் மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரிய உருவம். 20 பேர் கவனிக்கவில்லை. அந்த 20 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் பார்வை கொரில்லா மீதே விழுந்திருக்கிறது! அத்தனை பேரும் கட்டியை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தவர்கள். இதற்குப் போய்க் கவனக்குறைவு என்று பெயர் வைத்தால், அது குற்றச்சாட்டாகிவிடும். குற்றம்சாட்டும் சொல் இருக்கிற இடத்தில் யாரும் தன் பிழையைக் கலந்தாய்வுக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

அப்புறம், தாய்ச்சொற்கள், அதாவது பின்விடுபாடு போன்ற பிழைகள் அடங்கும் பெரிய வகைகளின் பெயர்கள். 'காட்சிப்பிழை' ஏற்கெனவே மாயத்தோற்றத்துக்குப் போய்விட்டது. எனவே படத்தில் இருந்தும் பிடிபடாதது காணாப்பிழை, கண்டும் தவறாகப் பொருள்கொண்டது கணிப்புப்பிழை. பின்விடுபாடு முதல் வகைக்குள் அடங்கும். 'காணா' என்பது கண் படவே இல்லை என்று தொனிக்கிறதோ என்ற தயக்கம் மட்டும் எனக்கு இருக்கிறது. 'உணராப்பிழை' பொருந்துமா? கதிரியலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.