பெட்ரோடாலர் ஒப்பந்தம் 'காலாவதி', சதாம், பிரிக்ஸ் நாணயம்: இந்த வாதங்களைச் சரிபார்ப்பது எப்படி?

வைகைக்கரை:
டாலர் ஆதிக்கம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் மூன்று வாதங்கள் வந்துவிடுகின்றன. அமெரிக்காவும் சவுதியும் 1974-ல் போட்ட 50 ஆண்டு பெட்ரோடாலர் ஒப்பந்தம் (எண்ணெயை டாலரில் மட்டுமே விற்பது என்பது) 2024 ஜூன் 9-ல் முடிந்துவிட்டது, சவுதி புதுப்பிக்கவில்லை என்பது ஒன்று. டாலரை விட்டு விலகியதால்தான் ஈராக்கின் சதாமையும் லிபியாவின் கடாபியையும் முடித்தார்கள் என்பது இன்னொன்று. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா முதலிய நாடுகளின் பிரிக்ஸ் கூட்டமைப்புக்கென்று ஒரு நாணயம் வரப்போகிறது, டாலர் கதை முடிந்தது என்பது மூன்றாவது. எதிர்த்தரப்போ "வாட்ஸ்அப் பல்கலைக்கழகம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போகிறது. அதுவும் பதில் இல்லை. தனித்தனியாகச் சோதிக்க எந்த ஆவணத்தை, எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? எண்ணைப் பார்த்தும் ஏமாறுவது எங்கே? இடதா வலதா என்ற சண்டை வேண்டாம்.

ஐந்தொகை:
முதல் வாதம் தேதியிலேயே விழுந்துவிடும். 1974 ஜூன் 8 அன்று வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கிஸ்ஸிங்கரும் சவுதி இளவரசர் ஃபஹதும் கையெழுத்திட்டது உண்மை. ஆனால் அது பொருளாதார ஒத்துழைப்புக்கு ஒரு கூட்டு ஆணையம் அமைக்கும் ஆவணம். எண்ணெயை டாலரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற விதியும் அதில் இல்லை, 50 ஆண்டுக் கெடுவும் இல்லை. இல்லாத கெடு எப்படிக் காலாவதியாகும்?

இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் கையில் மிஞ்சும். அதே 1974-ல் அமெரிக்கக் கருவூலச் செயலர் வில்லியம் சைமன் சவுதிக்குப் போய் வேறொரு ஏற்பாட்டை முடித்தார். எண்ணெய் விற்ற பணம் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களுக்குத் திரும்பி வர வேண்டும், சவுதி எவ்வளவு வாங்கியது என்பது வெளியே தெரியக்கூடாது. 41 ஆண்டுகள் அந்தத் தொகை தனியாக வெளியிடப்படவே இல்லை. 2016 மே மாதம்தான் முதல்முறையாக வெளியானது: 11,680 கோடி டாலர். ரகசியம் இருந்தது, ஆனால் அது விலை எந்த நாணயத்தில் என்பதில் இல்லை, பணம் எங்கே போய்த் தங்குகிறது என்பதில்.

அதனால் "சவுதி சீன நாணயமான யுவானில் விற்கிறதாம்" என்று செய்தி வந்தால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: வாங்கிய யுவானை என்ன செய்யும்? 1986-லிருந்து ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த விகிதத்தைக் காக்க டாலர் கையிருப்பு வேண்டும். விகிதத்தைக் கைவிடும் நாள் வந்தால் அது உண்மையான செய்தி.

இனி எண்கள். மத்திய வங்கிகளின் கையிருப்பில் எந்த நாணயம் எவ்வளவு என்று பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'கோஃபர்' என்ற பெயரில் வெளியிடுகிறது. 1999-ல் டாலர் பங்கு 71 விழுக்காடு அளவில் இருந்தது. 2024 முடிவில் சுமார் 58. யூரோ 20-ஐ ஒட்டி, யுவான் 2-க்குச் சற்று மேல். "சரிகிறது" என்பவரும் "அசைக்க முடியாது" என்பவரும் இதே பட்டியலைத்தான் காட்டுவார்கள்.

இதில் வழுக்கும் இடங்கள் உண்டு. ஒரு காலாண்டில் பங்கு குறைந்தால் யாரோ டாலரை விற்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. யூரோவின் மதிப்பு ஏறினாலே, யாரும் எதையும் விற்காமல், டாலரின் பங்கு தானாகக் குறையும். அதனால் ஒரு காலாண்டை விட்டுவிட்டுப் பத்தாண்டைப் பாருங்கள். கோஃபரில் தங்கம் சேராது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. கோஃபரை மட்டும் வைத்து வாதாடுகிறவர் கண்ணில் இது படாது. இன்னொன்று, டாலர் இழந்த பங்கு முழுக்க சீனாவுக்குப் போய்விட்டதாக நினைக்கிறார்கள். பொருளாதார அறிஞர் பேரி ஐகென்கிரீனும் ஐ.எம்.எஃப். ஆய்வாளர்களும் 2022-ல் கணக்கிட்டதில், யுவானுக்குப் போனது கால் பங்கு. மீதி முக்கால் பங்கு கனடா டாலர், ஆஸ்திரேலிய டாலர், கொரிய வொன், சுவீடன் குரோனா போன்ற சில்லறை நாணயங்களுக்கு. எல்லாம் அமெரிக்காவின் கூட்டாளிகள்! பல்துருவ உலகம் என்று கொண்டாடுவதற்கு இது அவ்வளவு தோதான தரவு இல்லை.

அந்நியச் செலாவணிச் சந்தைக்குப் பன்னாட்டுத் தீர்வு வங்கியின் மூன்றாண்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2022-ல் நாளொன்றுக்கு 7.5 லட்சம் கோடி டாலர் வர்த்தகம், அதில் டாலர் 88, யூரோ 31, யுவான் 7. கூட்டிப் பார்த்துவிட்டு "நூறைத் தாண்டுகிறதே, பொய்க்கணக்கு" என்று படம் போடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் இரண்டு நாணயம் இருப்பதால் மொத்தம் 200 வரும். அவ்வளவுதான்.

செங்காந்தள்:
கணக்கு சரி தோழர். ஆனால் சந்தேகப்படுகிறவனிடம் மட்டும் ஆதாரம் கேட்பது எந்த ஊர் நியாயம்? வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது 1964 ஆகஸ்ட் 4 அன்று நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அமெரிக்க உளவு நிறுவனத்தின் சொந்த வரலாற்றாய்வே அப்படிச் சொல்வது 2005-ல் வெளியானது. 1953-ல் ஈரானில் பிரதமர் மொசாடெக்கைக் கவிழ்த்ததில் சி.ஐ.ஏ.வின் கை இருந்தது. அதை அவர்கள் ஆவணமே ஒத்துக்கொள்ள 2013 ஆனது. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் என்றார்களே, கிடைத்ததா?

டாலர் ஓர் ஆயுதம் என்பதற்கு ரகசிய ஒப்பந்தம் எதற்கு? பிரான்சின் பி.என்.பி. பரிபா வங்கிக்கு 2014-ல் 897 கோடி டாலர் தண்டம். அமெரிக்கத் தடையை மீறி சூடான், ஈரான், கியூபா பணத்தை நியூயார்க் வழியாகத் தீர்த்துக் கொடுத்ததுதான் குற்றம். 2022-ல் ரஷ்யாவின் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலர் மதிப்புள்ளதை முடக்கிவிட்டார்கள். வெளிச்சத்திலேயே நடக்கிறது.

கரிசல்காட்டான்:
செங்காந்தள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. அதனால்தான் சதாம்–கடாபி வாதத்தின் மேல் எரிச்சல் வருகிறது. கையில் நல்ல ஆதாரம் இருக்கும்போது ஓட்டைக் குடத்தை எதற்குத் தூக்க வேண்டும்?

சதாம் எண்ணெய் விற்பனையை யூரோவுக்கு மாற்றியது 2000-ஆம் ஆண்டின் கடைசியில். ஆட்சி மாற்றமே அமெரிக்காவின் கொள்கை என்று சொல்லும் ஈராக் விடுதலைச் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டது 1998 அக்டோபரில். காரணம் பின்னால், விளைவு முன்னால்! அதோடு அந்த எண்ணெய்ப் பணம் பாக்தாத் கைக்கே போகவில்லை. 'உணவுக்கு எண்ணெய்' திட்டத்தின்படி ஐ.நா. கண்காணிப்புக் கணக்கில் கிடந்தது. அந்தக் கணக்கு இருந்தது, செங்காந்தள் சொன்ன அதே வங்கியின் நியூயார்க் கிளையில்.

கடாபி தங்கத்தை அடிப்படையாக வைத்துக் கொண்டுவர இருந்ததாகச் சொல்லப்படும் 'தங்க தினார்' நாணயத்துக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது, சிட்னி புளூமெந்தால் அன்றைய அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹிலாரி கிளின்டனுக்கு அனுப்பிய மின்னஞ்சல். 143 டன் தங்கம் என்ற எண் அதிலிருந்துதான் வருகிறது. மின்னஞ்சல் போலி இல்லை. ஆனால் அதன் தேதி 2011 ஏப்ரல் 2. லிபியா மீது குண்டுவீச்சு தொடங்கியது மார்ச் 19. அரசு முடிவெடுத்த ஆவணம் அல்ல அது, பதவியில் இல்லாத ஒருவர் தனக்கு வந்த தகவலை அனுப்பிவைத்தது. 'மின்னஞ்சல் உண்மையானது' என்பதும் 'மின்னஞ்சல் சொல்வது உண்மை' என்பதும் வேறு வேறு. விவாதத்தில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

எதிர்ச்சான்றையும் தேட வேண்டும். டாலரை விட்டால் படை வரும் என்றால், விட்டும் படை வராத நாடு உண்டா? ஈரான் 2007-லேயே எண்ணெய் விற்பனையை டாலரிலிருந்து விலக்கிவிட்டதாக அறிவித்தது. அடுத்த 15 ஆண்டுகளில் ஈரானுக்குள் படை இறங்கவில்லை. வந்தது தடைகள். அமெரிக்கா தடை போட்டதும் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றும் சேர்ந்து டாலர் இல்லாமல் ஈரானோடு வர்த்தகம் செய்ய 2019-ல் இன்ஸ்டெக்ஸ் என்று ஒரு மாற்றுவழி தொடங்கின. 2020 மார்ச்சில் மருத்துவப் பொருளுக்காக ஒரே ஒரு பரிமாற்றம், 2023-ல் மூடுவிழா. அமெரிக்கா அதைக் குண்டு வைத்துத் தகர்க்கவில்லை. அமெரிக்கத் தண்டத்துக்குப் பயந்து எந்தப் பெரிய வங்கியும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவே. டாலரின் உண்மையான பலம் இந்தப் பயத்தில் இருக்கிறது.

துறைமுகத்தான்:
பிரிக்ஸ் நாணயம் பத்தி யாரும் பேசலையே. 2024 கசான் மாநாட்டு அறிக்கையில பொது நாணயம்னு ஒண்ணும் இல்லை. உள்நாட்டு நாணயங்கள்ல வர்த்தகம் பண்ணலாம்ங்கிற பேச்சுதான். பிரிக்ஸ் நாடுகளோட வங்கியே, ஷாங்காயில இருக்கிறது, 2026-க்குள்ள 30 விழுக்காடு கடனை உள்நாட்டு நாணயத்துல குடுக்கணும்னுதான் இலக்கு வச்சது. மீதி 70 என்னன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

ரூபாய்ல வர்த்தகம் எப்படி நடக்குதுன்னு பாத்தா சிக்கல் எங்கேன்னு புரியும். ரிசர்வ் வங்கி 2022 ஜூலை 11-ல சுற்றறிக்கை விட்டுச்சு. ரஷ்ய வங்கி இங்க இருக்கிற வங்கியில சிறப்பு ரூபாய் வோஸ்ட்ரோ கணக்கு தொடங்கும். எண்ணெய் வாங்கறவர் அதுல ரூபாயைக் கட்டுவார். ரஷ்யாவுக்கு மருந்தோ எந்திரமோ அனுப்பறவருக்கு அதுலருந்தே ரூபாய் வரும். மிச்சத்தை நம்ம அரசுப் பத்திரத்துல போடலாம். ஏட்டுல கச்சிதம். ஆனா 2023-24-ல ரஷ்யாகிட்ட நாம வாங்கினது 6,100 கோடி டாலருக்கு, வித்தது 400 கோடி டாலர் சொச்சத்துக்கு. அவங்க ரூபாயை வச்சு என்ன பண்ணுவாங்க? 2023 மே மாசம் கோவாவுல ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவே சொன்னார், இந்திய வங்கிகள்ல நூத்துக்கணக்கான கோடி ரூபாய் தேங்கிக் கிடக்கு, மாத்தினாத்தான் பயன்படும்னு. அப்புறம் ஐக்கிய அரபு அமீரகத்தோட திர்ஹாம் பக்கம் போனாங்க. திர்ஹாம் எதோட கட்டியிருக்கு? டாலரோட, 3.6725.

இதுவே 2012-ல ஈரானோட ஓரளவு ஓடிச்சு. எண்ணெய்ப் பணத்துல 45 விழுக்காட்டை யூகோ வங்கியில ரூபாயாக் கட்டினோம். அமெரிக்காவுல கிளை இல்லாத வங்கியாப் பாத்து எடுத்தது. ஈரான் அந்த ரூபாய்ல பாசுமதி, தேயிலை, மருந்து வாங்கிச்சு. செலவழிக்கப் பொருள் இருந்துச்சு, அதனால நடந்துச்சு. 2019 மே மாசம் ஈரான் எண்ணெய் வாங்க நமக்குக் குடுத்திருந்த தடை விலக்கை அமெரிக்கா நிறுத்தினதும் எண்ணெயே நின்னு போச்சு, அது வேற கதை.

யுவானுக்கும் இதே வியாதி வேற வடிவத்துல. மத்தவங்க கையில ஒரு நாணயம் குவியணும்னா, அந்த நாடு விக்கறதைவிட அதிகமா வாங்கணும், இல்ல வெளியில கடன் குடுக்கணும். பணம் தடையில்லாம உள்ளே வெளியே போகவும் வரணும். பொருளாதார அறிஞர் டிரிஃபின் 1960-லயே டாலருக்கு இந்தச் சங்கடத்தைச் சொல்லிட்டார். சீனாவோ விக்கிற நாடு. தனிமனுஷர் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல மாத்த முடியாதுன்னு வரம்பு வேற.

வைகைக்கரை:
நன்றி. இரண்டு சின்னச் சந்தேகம். சீனா அமெரிக்கப் பத்திரங்களை விற்றுத் தள்ளுகிறது என்கிறார்களே? ஸ்விஃப்டுக்கு மாற்றாக சீனா சிப்ஸ் வைத்திருக்கிறது என்பதும் சரியா?

ஐந்தொகை:
பத்திரத்துக்கு அமெரிக்கக் கருவூலத் துறை மாதாமாதம் வெளியிடும் 'டிக்' பட்டியலைப் பாருங்கள். 2013-ல் சீனாவின் பெயரில் 1.3 லட்சம் கோடி டாலர், 2024 முடிவில் 80,000 கோடிக்கும் கீழே. குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் பத்திரம் எந்த நாட்டில் காப்பில் இருக்கிறது என்பதைத்தான் காட்டும், உடைமையாளர் யார் என்பதை அல்ல. பெல்ஜியத்தில் யூரோகிளியர் என்ற பத்திரக் காப்பு நிறுவனத்தில் வைத்தால் பெல்ஜியத்தின் பெயரில் ஏறும். அதனால் சீன வரியைப் பார்க்கும்போது பெல்ஜிய வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்விஃப்ட் பணத்தை நகர்த்துவதில்லை, வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்புகிறது. அதன் தலைமையகமும் பெல்ஜியத்தில்தான். 2015-ல் தொடங்கிய சீன சிப்ஸ், யுவான் கணக்கைத் தீர்க்கும் அமைப்பு. வெளிநாட்டு வங்கிகளோடு பேச அதுவே பல நேரம் ஸ்விஃப்ட் செய்தியைத்தான் பயன்படுத்துகிறது. ஒப்பிட வேண்டுமானால் நியூயார்க்கில் டாலர் தீர்க்கும் அமைப்போடு ஒப்பிடுங்கள். அதன் பெயரும் தமிழில் எழுதினால் சிப்ஸ்தான். பாதிக் குழப்பம் அங்கிருந்தே வருகிறது.