மறு: இயற்பியல் துறையின் ‘கொலோக்கியம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக இயற்பியல் துறை நடத்தும் ஆய்வுரைகளின் அறிவிப்பை நம் மாணவர்களுக்காகத் தமிழிலும் எழுதலாம் என்று தொடங்கிய இந்த இழையைக் கோலாலம்பூரிலிருந்து தொடர்ந்து படித்து வருகிறேன். ‘செமினார்’, ‘கொலோக்கியம்’ இரண்டையுமே கருத்தரங்கு என்று எழுதிவிடலாம் எனப் பினாங்கு ஆசிரியர் கூறியதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. மலாய் மொழியிலும் ‘செமினார்’, ‘கொலோகியும்’ என்று இரண்டு சொற்கள் உள்ளன. தமிழில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், எந்த உரைக்குத் தான் துணிந்து போகலாம் என்பதை முதலாண்டு மாணவர் அறிய வழியில்லாமல் போகும்.

செமினார் என்பது பெரும்பாலும் ஒரே ஆய்வுப் பிரிவினர் தமக்குள் நடத்திக்கொள்வது. மின்தடையே இல்லாத மீக்கடத்திகளைப் பற்றி ஒருவர் பேசினால் கேட்பவர்களும் அதையே ஆராய்பவர்களாக இருப்பார்கள். ஒரு சமன்பாட்டில் ஐயம் எழுந்தால் நடுவிலேயே மறித்துக் கேட்பார்கள். கொலோக்கியத்துக்கோ துறை முழுவதும் வருகிறது. வானியற்பியலாளர், லேசர் ஆய்வகத்தில் பணியாற்றுபவர், இன்னும் பட்டம் பெறாத மாணவர் என எல்லோரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருப்பதால், பேச்சாளர் முதல் 20 நிமிடங்களையாவது அனைவருக்கும் விளங்கும்படி அமைத்தாக வேண்டும். (இரண்டாவது படவில்லையிலேயே இதை மறந்துவிடுபவர்களும் உண்டு; அவர்கள் பேசும் நாளில் உரைக்கு முன் தரும் தேநீர்தான் ஆறுதல்.) ஆகவே இவ்விரண்டையும் பிரிப்பது பேசுபொருளோ பேச்சாளரின் தகுதியோ அன்று, கேட்போர் யார் என்பதே.

கொலோக்கியத்துக்கு அம்மையார் ஒருவர் முன்மொழிந்த ‘உசாவரங்கு’ மிக அழகான சொல். ‘உசாவே சூழ்ச்சி’ (உசா என்றால் கலந்து ஆராய்தல்) என்று தொல்காப்பியம் பொருள் சொல்வதாலும், கொலோக்கியம் என்பதன் இலத்தீன் மூலம் ‘கூடிப் பேசுதல்’ என்பதாலும் பொருத்தம் இருப்பதாகவே தோன்றும். எனினும் உசாவுதல் இரு கூட்டங்களிலும் நடப்பது. சொல்லப்போனால் செமினாரில்தான் அது கடுமையாக நடக்கிறது. மூலச்சொல்லின் பொருளையே பிடித்துக்கொண்டால், விதைகளை முளைக்கவைக்கும் இடத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்த செமினாரை நாம் ‘நாற்றங்கால்’ என்றல்லவா அழைக்க வேண்டியிருக்கும்!

பிற இடங்களிலும் இப்பெயர்களை ஒரே பொருளில் ஆண்டதில்லை. பெர்லினில் இயற்பியலாளர் குஸ்தாவ் மாக்னுஸ் 1843இல் தம் வீட்டில் இளம் ஆய்வாளர்களைக் கூட்டி நடத்திய சிறு கூட்டமே கொலோக்கியம் எனப் பெயர் பெற்றது. 1845இல் தோன்றிய பெர்லின் இயற்பியல் கழகம் அந்த வட்டத்திலிருந்தே பிறந்தது. மறுபுறம், சென்னை மயிலாப்பூரில் இயற்பியலாளர் அல்லாடி இராமகிருஷ்ணன் தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாஸில் நடத்தியது செமினார் எனப்பட்டது. டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1960இல் சென்னைக்கு வந்தபோது அந்த இளைஞர் குழுவைக் கண்டு பாராட்டினார். 1962 ஜனவரியில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் அமைந்ததற்கு அந்த வீட்டுக் கூட்டமே வித்து. செமினார் என்ற சொல் தன் மூலப்பொருளுக்கு ஏற்ப நடந்துகொண்டது எனக்குத் தெரிந்து அந்த ஓர் இடத்தில்தான்.

கேட்போரை வைத்துப் பெயரிடுவதானால் நம்மிடம் ‘அவை’ என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. தொல்காப்பியம் பாண்டியனின் அவையத்தில் அதங்கோட்டாசான் என்ற புலவர் கேட்க அரங்கேறியதாக அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. திருக்குறளில் ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கொலோக்கியப் பேச்சாளருக்கு வேண்டிய தகுதிகளும் இவ்விரண்டே. முதலில் ‘துறையவை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘அவை’ ‘அந்தப் பொருள்கள்’ என்னும் சுட்டுப்பெயராகவும் இருப்பதால் ‘துறையவை நடைபெறும்’ என்பது படிப்பவரை ஒரு கணம் தடுமாற வைக்கிறது. ‘துறைப் பேரவை’ என்றால் ஏதோ மாணவர் சங்கத் தேர்தல் என்று நினைப்பார்கள். ஆகவே ‘அவையுரை’ என்பதே என் பரிந்துரை. செமினாருக்கு ‘ஆய்வரங்கு’ போதும். திருமண மண்டபத்தில் நடக்கும் ஊக்கமூட்டும் தன்முனைப்புக் கூட்டத்துக்கும் கருத்தரங்கு என்று பெயர் வைத்துவிட்ட நம் நாட்டில், அந்தச் சொல்லுக்கு மேலும் சுமை ஏற்ற வேண்டாம்.

மக்களவை, மேலவை என்று நாளும் செய்தியில் படிப்பவர்களுக்கு ‘அவையுரை’ நாடாளுமன்றப் பேச்சாகத் தோன்றாதா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். மலாயில் ‘பெங்கெல்’ வண்டி பழுதுபார்க்கும் இடத்தையும் குறிக்கிறது, பயிற்சிக் கூட்டத்தையும் குறிக்கிறது. நம் ‘பட்டறை’யும் அப்படித்தான். எழுத்துப் பட்டறைக்கு எவரும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ‘இயற்பியல் அவையுரை’ என்று முன்னால் துறைப்பெயரைச் சேர்த்தால் குழப்பம் வராது.

அடுத்த அறிவிப்பின் வாசகத்தை இவ்வாறு வைத்திருக்கிறேன்: “இயற்பியல் அவையுரை: அனைத்து ஆண்டு மாணவர்களும் வரலாம். ஆய்வரங்கு: நுண்பொருள் இயற்பியல் பிரிவினருக்கு.” மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால், அச்சுக்குப் போகுமுன் மாற்றிக்கொள்ளலாம்.