சமதள மாரத்தானை எந்த வேகத்தில் தொடங்குவது? உடனடி உதவி தேவை

கர்னி முனை:
அனைவருக்கும் வணக்கம். சமதளமான நகர மாரத்தான் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நான்கரை மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. ஆனால் நீண்ட பயிற்சி ஓட்டங்களில் 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் வேகம் சரிந்து, கெண்டைக்கால் இறுகிவிடுகிறது. எந்த வேகத்தில் தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், நாள் நெருங்கிவிட்டது.

பாயான் லெப்பாஸ்:
எந்த ஊர் ஓட்டம் என்று சொல்லவில்லையே? பினாங்குப் பாலத்து ஓட்டம் என்றால் அது முழுச் சமதளம் அன்று. நடுவில் பாலம் ஏறி இறங்குகிறது, நள்ளிரவுக்குப் பிறகு தொடங்குவதால் உறக்கமும் கெடும். கடைசியாக அரை மாரத்தானை எவ்வளவு நேரத்தில் ஓடினீர்கள், ஓடும் நாளில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பிறை ஓட்டன்:
ஊர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். 42.195 கிலோமீட்டரை நான்கரை மணி நேரத்தில் கடக்க, கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. ஆனால் பாதையை அளப்பவர்கள் வளைவுகளின் உட்புறத்தை ஒட்டிய மிகக் குறுகிய தடத்தைத்தான் அளக்கிறார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடுகிறவர்களின் கைக்கடிகாரம் இறுதியில் 42.6 காட்டினால் வியப்பில்லை. ஆகவே கடிகாரத்தில் 6:20 தெரியும்படி ஓடுங்கள்.

பட்டர்வொர்த்:
கால் பிடிப்பது உப்புக் குறைவால்தான். ஓடும்போது உப்புச்சத்துள்ள 100பிளஸ் பானம் குடியுங்கள், சரியாகிவிடும்.

தஞ்சோங் பூங்கா:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. தம்பி கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம். முதல் பாதியை மெதுவாகவும் இரண்டாம் பாதியை வேகமாகவும் ஓட வேண்டும், அவ்வளவுதான். 2018இல் பெர்லினில் கென்ய வீரர் கிப்சோகே 2:01:39 என்ற உலகச் சாதனை படைத்தபோது முதல் பாதிக்கு 61 நிமிடம் 6 விநாடி, இரண்டாம் பாதிக்கு 60:33 எடுத்துக்கொண்டார். இதைவிட எளிமையாக என்னால் சொல்ல இயலாது.

கர்னி முனை:
பெர்லின்தான், செப்டம்பர் இறுதியில். அரை மாரத்தான் இங்கே பினாங்கில் 2 மணி 12 நிமிடம். பயிற்சிக்கு முன் காப்பி மட்டும், ஓடும்போது வெறும் தண்ணீர். வேலைக்குக் கிளம்புகிறேன், பிறகு வந்து படிக்கிறேன்.

ஆயர் ஈத்தாம்:
தஞ்சோங் பூங்கா ஐயா, அதே கிப்சோகே அதே பெர்லினில் 2022இல் 2:01:09 ஓடித் தம் சாதனையைத் தாமே முறியடித்தபோது, முதல் பாதி 59:51, இரண்டாம் பாதி 61:18. அப்படியானால் உங்கள் விதி எங்கே போயிற்று?

தஞ்சோங் பூங்கா:
அது விதிவிலக்கு. 2023இல் சிக்காகோவில் இன்னொரு கென்ய வீரர் கிப்டம் 2:00:35 ஓடியபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. எது சிறந்தது என்பதை எண்களே சொல்கின்றன.

ஆயர் ஈத்தாம்:
இரண்டு மணி நேரத்தில் ஓடி முடிக்கிறவரின் பாதிகளை வைத்து, நான்கரை மணி நேரம் சாலையில் நிற்கப்போகிறவருக்கு விதி வகுக்க முடியாது. பெர்லினில் முன்னணி வீரர்கள் ஒன்பதே கால் மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார்கள். பின்வரிசை அணிகள் அதற்கு வெகு நேரம் கழித்துப் புறப்பட்டு, பிற்பகல் வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும். சீரான வேகமே இவருக்குப் போதும். முதல் ஐந்து கிலோமீட்டரில் மட்டும் ஆசையை அடக்கிக்கொண்டால் சரி.

பாயான் லெப்பாஸ்:
இப்போது விவரம் கிடைத்துவிட்டதால் கேட்டவரின் கேள்விக்கு வருகிறேன். 2:12ஐ இரட்டித்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் கூட்டினால் 4:34 முதல் 4:39 வரை வருகிறது. நம் ஊரில் விடியலுக்கு முன்பே 25 பாகை வெப்பமும் கடும் ஈரப்பதமும் இருக்கின்றன. வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்க, உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் இரத்தம் போவதால், அதே வேகத்துக்கு இதயம் அதிகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. பெர்லினின் குளிர்ந்த காலையில் இந்தச் சுமை குறையும் என்பதால் 4:30 எட்டாத கனவன்று, ஆனால் கையில் மிச்சம் எதுவும் இருக்காது.

எனக்குப் பெரிய கவலை அந்த வெறுங்காப்பிதான். பசியாறாமல் 25 கிலோமீட்டர் ஓடுகிறவரின் வேகம் அங்கே சரிவதில் மர்மமே இல்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடிக்கொண்டே உண்பதற்காகக் கடையில் விற்கும் ஒரு மாவுச்சத்து ஜெல்லில் (கூழ்ப் பொட்டலம்) ஏறத்தாழ 20 முதல் 25 கிராம்தான் இருக்கும். இதைப் பந்தய நாளில் முதன்முதலாகச் சோதித்தால் வயிறு சும்மா விடாது, ஆகவே இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள். உப்புக்கும் கால் பிடிப்புக்கும் உள்ள தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை. தசைச் சோர்வுதான் பெரிய காரணமாகக் கருதப்படுகிறது.

சமதளத்துக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. ஏற்ற இறக்கம் இல்லாததால் ஒரே தசை ஒரே விதமாக நாலரை மணி நேரம் உழைக்கும். கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரத்தில் நீண்ட ஓட்டத்தின் கடைசி எட்டுக் கிலோமீட்டரை மட்டும் பந்தய வேகத்தில் ஓடிப் பழகுங்கள். கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்துவிடுங்கள்.

பிறை ஓட்டன்:
பெர்லின் சாலையில் மிகக் குறுகிய தடத்தை நீலக் கோடாக வரைந்திருப்பார்கள். கூட்டம் விட்டால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை நம்பாமல் ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் பொத்தானை அழுத்தி நேரம் பாருங்கள்.

கர்னி முனை:
முடித்துவிட்டேன், 4:36. கால் 36ஆவது கிலோமீட்டரில் கொஞ்சம் இறுகியது, ஆனால் நான் நிற்கவில்லை. ஜெல் உதவியது. அனைவருக்கும் நன்றி.

தஞ்சோங் பூங்கா:
வாழ்த்துகள் தம்பி. இரண்டு பாதிகளின் நேரத்தையும் எழுதுங்கள்.

ஆயர் ஈத்தாம்:
எனக்கும் அதுதான் வேண்டும். தம்பி, இருக்கிறீர்களா?