கணியம்பாடியில் இறப்புகளைக் கேட்டறியும் முறை

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பாகாயத்தில் இயங்குகிறது. அங்குள்ள மருத்துவமனையை, அதன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமான CHAD என்பதை வைத்து, சுற்றுப்புற மக்கள் 'சேட் ஆஸ்பத்திரி' என்றே அழைக்கின்றனர். சமூகப்பணி முதுகலை படித்தபோது களப்பயிற்சிக்காக, அத்துறை பணியாற்றும் கணியம்பாடி ஒன்றியத்துக்குச் சென்றேன்.

ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் அந்த ஒன்றியத்தில் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும், முதலில் அந்தந்த ஊரிலேயே வாழும் சுகாதாரப் பணியாளரான பெண் தெரிவிப்பார். அவருக்கு மேலுள்ள பணியாளரும், செவிலியரும், இறுதியாக மருத்துவரும் அதைச் சரிபார்ப்பார்கள். இறப்பின் காரணத்தைக் குடும்பத்தாரிடமே பொறுமையாகக் கேட்டறிவார்கள்.

இம்முறையின் பயனை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. 1994 முதல் 1999 வரை அங்கு ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு 95.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். அரசுப் புள்ளிவிவரத்தில் நாட்டின் சராசரியோ 10, 11 என்ற அளவில்தான் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வில், 10 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களிடையே அவ்விகிதம் 148 எனவும், அதே வயது ஆண்களிடையே 58 எனவும் தெரியவந்தது. வழக்குக்கும் ஊர்ப்பேச்சுக்கும் அஞ்சும் குடும்பங்கள், இத்தகைய இறப்பைக் காய்ச்சல் என்றோ விபத்து என்றோ சொல்லிவிடுவதுண்டு. அதனால் இம்முறை இல்லாவிட்டால் இந்தப் பெண்பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வராமலே போயிருப்பார்கள்.

அந்த எண்களைப் படித்துவிட்டுத்தான் நான் சென்றிருந்தேன். மகளை இழந்த ஒரு வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளருடன் போனபோதுதான், அவை எப்படிக் கிடைத்திருக்கும் என்பது விளங்கியது. அவர் படிவத்தை எடுக்கவில்லை. அந்தத் தாயின் பிரசவங்களின்போதும், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டபோதும் உடனிருந்தவர் அவர். "வாக்கா, நீ வருவேன்னு தெரியும்" என்று சொல்லி அழத் தொடங்கிய அந்த அம்மா, காவல் நிலையத்தில் சொல்லாததை எல்லாம், பள்ளியை நிறுத்தியது முதல் திருமணப் பேச்சு வரை, தாமாகவே சொன்னார். வெளியூரிலிருந்து மடிக்கணினியுடன் ஒரு நாள் வந்து போகும் கணக்கெடுப்பாளரிடம் அவர் இதைச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் நிதி தீர்ந்ததும் ஊரைவிட்டு வெளியேறிவிடுகின்றன. கணியம்பாடியில் அந்தத் துறை பல பத்தாண்டுகளாகத் தங்கி மருத்துவமும் செய்து வருகிறது. கேள்வி கேட்கும் உரிமை அதனால் வந்தது என்றே கருதுகிறேன்.

அன்று விடைபெறும்போது, இளைய மகளும் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாருடனும் பேசுவதில்லை என்று அந்த அம்மா சொன்னார். பணியாளர் அன்று மாலையே செவிலியருக்குத் தெரிவித்தார்; அடுத்த வாரக் கிராம மருத்துவ முகாமில் மருத்துவர் அந்தப் பெண்ணுடன் தனியாக அமர்ந்து நெடுநேரம் பேசினார்.